நோட்டை மூடிய பீரியட்

பி.எட். முடிக்க ஒரு பள்ளிக்கூடத்தில் போய் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தது பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், ஏழாம் வகுப்புக் கணக்கு. நான் மன்னார்குடி டவுன் ஆள், கெத்தாகத்தான் உள்ளே போனேன். கையில் எப்போதும் ஒரு நோட்டு. கேள்வி கேட்பேன், யார் பதில் சொன்னது, யார் முழித்தது என்று அங்கேயே நின்று எழுதுவேன். பெரிய வாத்தியார் மாதிரித் தெரியும் என்று ஒரு நினைப்பு.

ஜன்னலோரப் பெண் ஒருத்தி மட்டும் மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை. எழுப்பினால் நிற்பாள், என் பேனாவையே பார்ப்பாள்.

“அது பேசாது சார். ஓட்டுக் கேட்டு வர்றவங்களுக்கே தலையத்தான் ஆட்டும்,” என்றான் முன்பெஞ்சுப் பையன். வகுப்பு சிரித்தது. வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மெல்லக் கற்போர் பட்டியல் வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். அதில் பெயர் ஏறினால் கணக்கு பீரியடில் தனி அறை, மறுபடி கூட்டல் கழித்தலிலிருந்து ஆரம்பம். அவள் பெயரை யோசிக்காமல் எழுதினேன்.

புதன்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் அவளுடைய பெஞ்சுத் தோழி வந்து நின்றாள்.

“சார், நீங்க நோட்டோட கேக்குறீங்கல்ல, அதான் அவ பேச மாட்டேங்குறா.”

“நோட்டு என்னம்மா பண்ணுச்சு?”

“அவங்க குத்தகை நிலத்த அளக்க வந்தவங்க, பழைய வரப்பு எங்க இருந்துச்சு பாப்பான்னு கேட்டாங்க. இவ காட்டிட்டா, எழுதிக்கிட்டுப் போய்ட்டாங்க. இப்ப அத வச்சுத்தான் நிலத்துக்காரங்க கோர்ட்டுக்கு இழுக்குறாங்க. நோட்டு வச்சிருக்கவன் எவன் கேட்டாலும் வாயத் தொறக்காதன்னு அவங்க அப்பா சொல்லிருக்காரு.”

மறுநாள் நோட்டை மூடி பீரோவில் வைத்துவிட்டுப் போனேன். அறுபதடி நீளம், இருபத்துநாலடி அகலம், பரப்பு என்ன என்று போர்டில் எழுதிவிட்டு, வெறுங்கையோடு பெஞ்சுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். பையன்கள் அறுபதை இருபத்துநாலால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

“பத்துக் குழி, சார்.”

ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

“குழியா? அப்டின்னா?”

“அய்யய்ய, சாருக்குக் குழி தெரியல!” என்றான் முன்பெஞ்சு.

“நீ சும்மா இருடா,” என்றாள் அவள். “பன்னெண்டடிக் கோலால அளக்கணும் சார். ஒரு கோலு நீளம், ஒரு கோலு அகலம் இருந்தா ஒரு குழி. நீளத்துல அஞ்சு கோலு, அகலத்துல ரெண்டு கோலு. பத்துக் குழி. நூறு குழி ஒரு மா.”

பையன்கள் அப்போதும் பெருக்கி முடித்திருக்கவில்லை. பழக்கதோஷத்தில் என் கை சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. அவள் முகம் சட்டென்று மாறியதும் நிறுத்தினேன்.

“எழுதிக்கட்டுமாம்மா?”

போர்டில் இருந்த கணக்கைப் பார்த்தாள்.

“இத எழுதிக்குங்க சார். இது கணக்குத்தான, வரப்பு இல்லையே.”

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டுக் கொடுத்தேன். “வாயே தொறக்காத புள்ளையாச்சேப்பா?” என்றார் தலைமை ஆசிரியர். “தொறந்துச்சு சார்,” என்றேன். மீதி நாட்களில் அவள் மொத்தமே நாலைந்து முறைதான் பேசியிருப்பாள். அது போதும். கணக்கு பீரியடில் அவள் அதே ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தப்பான ஒரு பட்டியலில் நான் கையெழுத்துப் போட்டுவிடாமல் காப்பாற்றியவள் அவள். அவளுக்கும், பயப்படாமல் வந்து சொன்ன அந்தத் தோழிக்கும் இன்றுவரை மனசார நன்றி.