சோலார் பேனலில் விறகுச் சாம்பல்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத புதுக்கோட்டையில் வெயிலை விற்றுவிட்டு, அது சரியாக வரவில்லை என்று திட்டு வாங்குகிற தொழில் என்னுடையது.

வாட்டர் ஃபில்டர், இன்வெர்ட்டர், ஏசி என்று வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிக் கட்டிக்கொள்ளும் சர்வீஸ் சகோதரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். திருக்கோகர்ணத்தில் ஒரு சோலார் கடையில் எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். பைக்குக்குப் பின்னால் ஒரு நீள மாப்பும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கட்டியிருக்கும். கார்டைப் பார்த்துப் பெண் கொடுத்த என் மாமனார் இன்னும் அந்த மாப்பைப் பார்க்கவில்லை.

என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஓடைக்கொல்லை என்கிற ஊர்க்காரர்கள். ஊருக்குக் கிழக்கே, விறகை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. தைலமரம், கருவை, தென்னை மட்டை, முந்திரிக்கொட்டை ஓடு என்று எதைப் போட்டாலும் சாப்பிடும். நிலக்கரியை எரித்தால் பாவம், மரத்தை எரித்தால் புண்ணியம் என்று யாரோ பெரிய இடத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெட்டின மரம் மறுபடியும் வளர்ந்து, விட்ட புகையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமாம். அது வளர்கிற வரைக்கும் உறிஞ்சுகிற பொறுப்பை ஓடைக்கொல்லைக்காரர்களிடம் விட்டிருக்கிறார்கள்.

போர்டைப் படி

அந்த ஊரில் என் முதல் புகார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. "பேனல்னு சொல்லி வெறும் கண்ணாடிய வித்துட்டீங்க" என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். மாடியேறிப் பார்த்தால் பேனல் முழுக்கக் கறுப்புப் பூச்சு. விரலால் ஒரு கோடு இழுத்தேன். அடியில் நீலம் தெரிந்தது, விரல் கறுத்துப்போனது. தண்ணீர் ஊற்றி, மாப் போட்டுத் துடைத்ததும் மீட்டர் குபீரென்று ஏறியது. சாருக்கு முகம் மலர்ந்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். "ஆலைச் சாம்பல் சார், காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது அப்படியே வந்து படிஞ்சிடுது" என்று சொல்லித் தொலைத்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி, வாய்ப்பாடு தெரியாத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "அது பசுமை ஆலை தம்பி. வாசல்ல அம்புட்டுப் பெரிய போர்டுல, பச்சைப் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கான். படிச்ச புள்ள நீ, போர்டைப் படிக்காம பேசலாமா?"

சிங்கப்பூர் காற்று

எல்லாப் பழியையும் ஆலை மேலேயே போட்டால் அதற்கும் வருத்தமாக இருக்கும். அடுத்த தெருவில் ஒரு சிங்கப்பூர்க்காரர் வீடு. பெரிய மாடி, பெரிய பேனல், பெரிய புகார். போய்ப் பார்த்தேன். பேனலுக்கு நேர் கீழே, கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த தென்னை மட்டையும், அது பிடிக்கட்டும் என்று ஒரு கிழிந்த பிளாஸ்டிக் சாக்கும் உள்ளே இருந்தன. புகை நேராக மாடிக்கு வந்து என் பேனலைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போனது. அடுப்படியில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்த அவர் மனைவி, ஒரு ஊதலுக்கு இரண்டு இருமல் இருமினார்.

"அண்ணே, மாடியில இவ்வளவு கரண்ட் இருக்கு. ஒரு ஹீட்டர் போட்டா அக்காவுக்கு இந்த இருமல் வராதே" என்றேன். வெறகு சும்மா கிடக்கும்போது கரண்டை எதற்கு வீணடிக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு என் அறியாமைக்கு இரங்கி, ஏசி ரூம் கதவைத் திறந்து, மூலையில் நீல விளக்கோடு நின்ற ஒரு மெஷினைக் காட்டினார். "இருமலுக்குத்தானே ஏர் ப்யூரிஃபையர் வாங்கியாந்து வச்சிருக்கேன்! அதையும் கரண்ட் பில் இல்லாம சோலார்லதான் ஓட்டுறேன், தெரியும்ல?"

வாக்கப்பட்டுப் போன கரண்ட்

இனிமேல் சொல்லப்போகிறவர் வீட்டுக்கு மட்டும் நான் கூப்பிடாமலே போவேன். பெயர் சவரிமுத்து. ஆலையில் விறகுக் கொட்டடியில் வேலை பார்த்தவர். மரத்தைத் துண்டு போடுகிற மெஷின் பக்கத்தில் நின்று தூசியும், முந்திரி ஓட்டுப் புகையுமாக வருஷக்கணக்கில் தின்றிருக்கிறார். ஒருநாள் கூடை தூக்கும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். நுரையீரல் சுருங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது வீட்டில் கட்டில், கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூக்கில் ரப்பர் குழாய். அந்த மெஷின் ஓட கரண்ட் வேண்டும். ஓடைக்கொல்லையிலோ நினைத்தபோது கரண்ட் போகும். துபாயில் இருக்கிற மருமகன்தான் பார்த்துவிட்டு, கடன் வாங்கி சோலாரும் பேட்டரியும் போட்டுக் கொடுத்தார்.

சகோதரர்களே, இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று ரசியுங்கள். கரண்ட் தயாரிக்கிற ஆலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதில் வேலை செய்தவர் மூச்சு விடக் கரண்ட் இல்லை. அதற்காகப் போட்ட சோலார் மேல் அதே ஆலை சாம்பலைக் கொட்டுகிறது. "ஏண்ணே, ஆலை பக்கத்திலேயே இருந்தும் ஒங்க ஊருக்கு ஏன் இப்படிக் கரண்ட் போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கரண்டு இங்கிட்டுப் பொறந்ததுதான் தம்பி. ஆனா பட்டணத்துல வாக்கப்பட்டுப் போயிருச்சு. பொறந்த வீட்டுக்குச் சாம்பல மட்டும்தான் அனுப்புது."

தூசி என்று சொல்

இதையெல்லாம்விட ஒரு வேடிக்கை. ஆலையின் ஆபீஸ் கூரையிலும் எங்கள் கடை சோலார்தான். ஆமாம், கரண்ட் தயாரிக்கிற ஆலை, தன் ஆபீஸ் கரண்ட் செலவைக் குறைக்க எங்களிடம் சோலார் வாங்கியிருக்கிறது. அங்கிருந்தும் புகார். பாதிதான் வருகிறதாம். கூரையில் ஏறினேன். மாப்பை ஒரு இழுப்பு இழுத்ததுமே அது பனங்காய் சுட்ட கறுப்பாக ஆகிவிட்டது. வாளித் தண்ணீரை மைப்புட்டியில் ஊற்றி எழுதலாம். கறுத்த மாப்போடு ஏசி ரூமுக்குள் போய் மானேஜர் முன்னால் நின்றேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எங்க சாம்பல் பூராவும் ஃபில்டர்லயே புடிச்சிடுறோம். இது ஏதோ வெளியிலேருந்து வர்ற சாம்பல்" என்றார். சுற்றிலும் தைலமரக் காடு. எந்த மரம் ரகசியமாகத் தீக்குளிக்கிறதோ தெரியவில்லை.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அங்கே சாம்பல் படிகிறது, ஃபில்டரைப் பாருங்கள் என்று எழுத்திலேயே கொடுத்துவிடலாம், ஊருக்கும் நல்லது, சவரிமுத்து அண்ணனுக்கும் நல்லது என்றேன். முதலாளி அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார். அந்த ஆலைதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. "தூசின்னு சொல்லுப்பா. சாம்பல்னா அவங்க கோவிச்சுக்குவாங்க. தூசின்னா ஆண்டவன்தான் பொறுப்பு, அவரு யாரையும் கோவிச்சுக்க மாட்டாரு."

ஒரு நல்ல நாள்

ஒருநாள் ஓடைக்கொல்லைக்குள் நுழைந்தபோது வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. வானம் நீலமாக இருந்தது. கொடியில் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தொங்கியது. சவரிமுத்து வீட்டுப் பேட்டரி மத்தியானத்துக்குள் முழுக்க ஏறி நின்றது. அவர் மனைவி லூர்து அக்கா, "இன்னைக்கு அவுக இட்லி ரெண்டு கூடத் தின்னாக தம்பி" என்று சந்தோஷமாகச் சொன்னார். என் சர்வீஸ்தான் காரணம் என்று நினைத்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

டீக்கடைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆலையைப் பார்வையிட ஆபீசர்கள் வருகிறார்களாம். முந்தின நாளே ஃபில்டர் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஈர மரம் ஓரமாகப் போய்விட்டது, முந்திரி ஓட்டுக் குவியல் தார்ப்பாய்க்குள் ஒளிந்துகொண்டது. ஆக, ஆலைக்குச் சுத்தமாக ஓடத் தெரியும். ஓட்டத்தான் மனசு வரவில்லை. ஆபீசர் கார் ஊர் எல்லையைத் தாண்டியதும் புகைபோக்கி பழையபடி குமுறியது. டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, அந்த ஆபீசருங்களுக்கு நம்மூருலயே ஒரு வீடு பாத்துக் குடுத்து, பொண்ணையும் கட்டிக் குடுத்துருவமா?"

பீடி

ஊரில் இருமல் ஜாஸ்தியாகிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியதும் ஆலை சும்மா இருக்கவில்லை. இலவச மருத்துவ முகாம் நடத்தியது. பந்தல், பன்னீர், ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. வந்தவர்களுக்கு எல்லாம் ஒரு இருமல் மருந்து, ஒரு முகக்கவசம், ஒரு தைலமரக் கன்று. கன்றை நட்டு வளர்த்தால் நாளைக்கு ஆலைக்கே விற்கலாம் என்று மைக்கில் யோசனையும் சொன்னார்கள். நம் புகைக்கு நாமே விறகு வளர்க்கிற வாய்ப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

சவரிமுத்து அண்ணனை நானும் லூர்து அக்காவும் ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போனோம். வாடகைக்கு எடுத்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நான் பிடித்துக்கொண்டேன். வெளியூர் டாக்டர், சின்ன வயசு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு எதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, முகம் சுளித்து, "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க? முதல்ல அதை நிறுத்துங்க" என்றார். லூர்து அக்காவுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. அண்ணன் அவர் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, பந்தலுக்கு மேலே தெரிந்த புகைபோக்கியைக் காட்டினார். "நான் பீடியத் தொட்டதே இல்லங்கய்யா. அந்தா நிக்கிதே, அதுதான் குடிக்குது. அத நிறுத்தச் சொல்லுங்க."

மாப்

மார்கழியில் பனி இறங்கினால் புகை மேலே போகாது, ஊருக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். போன மார்கழியில் ஒருநாள் காலையில், மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை வராது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது லூர்து அக்கா போன் செய்தார். பின்னால் ஆக்சிஜன் மெஷின் கத்துகிற கீச்சுச் சத்தம் கேட்டது. பேட்டரி இறங்கினால்தான் அது அப்படிக் கத்தும். "தம்பி, நின்னுரும் போலருக்கு. சிலிண்டர்லயும் கொஞ்சந்தான் மிச்சம். ஓடியாங்க தம்பி."

எப்படி பைக் ஓட்டினேன் என்று தெரியாது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா விசிறியால் விசிறிக்கொண்டே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிக்கு ஓடினேன். பனியும் சாம்பலும் சேர்ந்து பேனல் மேல் சாணி மெழுகியதுபோல் அப்பியிருந்தது. வெயில் வந்துவிட்டது, ஆனால் உள்ளே இறங்க வழியில்லை. வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தேன். மாப் வழுக்கியது, சட்டையைக் கழற்றித் தேய்த்தேன். அந்த ஆலையை, என் முதலாளியை, முதலாளி பேச்சைக் கேட்டு ஆலையில் தூசி என்றே சொல்லிவிட்டு வந்த என் வாயை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே தேய்த்தேன். கீழே கீச்சுச் சத்தம் நின்றது. மெஷினே நின்றுவிட்டதோ என்று மாடி விளிம்புக்கு ஓடிக் காது கொடுத்தேன். அப்புறம்தான் மெஷின் ஓடுகிற உறுமல் கேட்டது.

இறங்கி வந்தபோது அண்ணனுக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியிலிருந்து பேனலுக்கு வரிசையாக ஓட்டை போட்ட ஒரு பைப் இழுத்து, கீழே நின்றே அக்கா திறந்துவிடுகிற மாதிரி ஒரு குழாய் வைத்துக் கொடுத்தேன். முதல்முறை திறந்ததும் கறுப்புத் தண்ணீர் சுவரோரமாக வழிந்து முற்றத்துக்கு வந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்பைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ரப்பர் குழாயைச் சரிசெய்துகொண்டு, தன் நெஞ்சில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். "மேல இருக்கத தொடச்சுட்டீங்க தம்பி. உள்ள கெடக்குதே, இதத் தொடைக்க ஒங்க கம்பெனில எதுவும் மாப் இருக்கா?"

என் கம்பெனியில் அப்படி ஒரு மாப் இல்லை. இருக்கிற ஒரே மாப்பை எடுத்துக்கொண்டு நாளைக்கு ஆலைக்குப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாசலில் இருக்கும் அந்தப் பசுமை ஆலை போர்டு கறுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை, வந்து துடைத்துக் கொடுங்கள் என்று மானேஜர் கூப்பிட்டிருக்கிறார்.