பின்னால் நீளும் கை

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தானின் இடது கை பின்பக்கம் நீளும். திரும்பிப் பார்க்க மாட்டார். "டீ" என்பார், அவ்வளவுதான். அந்தக் கையில் டம்ளரை வைப்பதற்காக என் அக்கா, ஓடுகிற கேரவனுக்குள் அலமாரியைப் பிடித்தபடி, எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

அத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் ஆசை என்று சொல்லிப் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. அவர் அதில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெனரேட்டர் கூரையில். தண்ணீர் கேன்களும் கூரையில். வண்டியின் வாலில் சைக்கிள்கள், டூல்ஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள். கனமானதெல்லாம் கீழே, சக்கரங்களை ஒட்டி இருக்கட்டும் என்று வண்டியை விற்றவரே தலையில் அடித்துக்கொண்டார். "புள்ளைங்கள நிறைய நிறைய ஏத்தினவன்கிட்ட லோடு பத்திப் பாடம் நடத்துறாரு" என்று சிரித்தார் அத்தான்.

பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிடும். வளைவில் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. "வண்டி செல்லம் கொஞ்சுது" என்பார். டயரைக் காலால் ஒரு உதை உதைத்தால் காற்றுப் பார்த்தாகிவிட்டது. கீழ் அலமாரி முழுக்க அவருடைய தூண்டில் சாமான்கள். அக்காவின் இரும்புச் சட்டி தலைக்கு மேலே, கொக்கி தேய்ந்த அலமாரியில். டிவிக்கு மட்டும் போர்வை சுற்றி, இரண்டு பட்டை போட்டு இறுக்கியிருந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் கொட்டுகிற மழையில் முன்பின் தெரியாதவர்களுக்கு ஸ்டெப்னி மாட்டிவிட்டு, தொப்பலாக நனைந்து வந்து உட்காருவார். ஊருக்கெல்லாம் உருகுகிற மனசு பின்னால் நிற்பவளிடம் மட்டும் எங்கே போய்த் தொலைகிறது?

ஒரு பயணத்தில் குறுக்கே நாய் வந்தது. பிரேக் அடித்தார். மேல் அலமாரி வாயைப் பிளந்தது. சட்டி அக்காவின் தோளில் விழுந்தது, கொதிக்கிற டீ முழங்கை வரை கொட்டியது. தோள்பட்டை எலும்பில் விரிசல். நாய்க்கும் டிவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் சொன்னது இது: "அலமாரிய ஒழுங்கா சாத்தலைங்க இவ."

அக்கா கட்டுப்போட்ட கையோடு அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் கிளம்பியதும் கேட்டேவிட்டேன்.

"ஸ்கூல் பஸ்ல ஒரு புள்ள எழுந்து நின்னா என்ன பண்ணுவீங்க அத்தான்?"

"வண்டிய ஓரங்கட்டிடுவேன். உக்கார்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றார் பெருமையாக.

"அப்ப அக்கா?"

"அது ஊரான் வீட்டுப் புள்ளைங்க மச்சான். பதில் சொல்லணும். இவ நம்ம ஆளு."

அறைந்திருப்பேன். அக்காவின் கணவர் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கை ஆறியதும் அடுத்த பயணம். துணைக்கு நானும் கிளம்பினேன். அக்கா தூண்டில் பையை எடுத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு, இரும்புச் சட்டியைக் கீழ் அலமாரிக்கு மாற்றினாள். "தம்பி, கூரைல இருக்கறத இறக்கு" என்றாள். இறக்கி, சக்கரத்தை ஒட்டிய சாமான் அறையில் வைத்துக் கட்டினேன்.

"யாரக் கேட்டு இறக்குறீங்க?" என்று அத்தான் சத்தம் போட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேஸ் சிலிண்டரை மூடினாள். ஏறி, மேசையோரம் எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் வழக்கம்போலக் கை பின்னால் நீண்டது.

"டீ."

அக்கா தளர்ந்திருந்த பெல்ட்டை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கை அப்படியே நீண்டிருந்தது. விரல்கள் இரண்டு தரம் மடங்கி விரிந்து காற்றைத் துழாவின. எதிரே ஒரு லாரி வந்தது. கை மெல்லத் திரும்பிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.