ராசியில்லாத கையும் சேராத அலையும்

நொட்டாங்கை என்பது ஊர் அவளுக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அவளுடைய இடது கையைப் பெஞ்சோடு கட்டிவைத்து வலது கையால் எழுதவைத்தார். அறிவு அந்த வழியாகத்தான் ஏறும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் எழுதக் கற்றுக்கொண்டாள். அவர் ஒரு தலையால்கூட யோசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

வளர்ந்தபின் ஓர் அலங்காரப் பொருள் கடையின் மாடியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். சல்லடை மாதிரி துளை துளையான கட்டித் துணியில் கம்பளி நூலால் செங்குத்தாகத் தைப்பார்கள். ஒவ்வொரு தையலும் பக்கத்துத் தையலைவிட ஒரு படி ஏறும். உச்சிக்குப் போனதும் அதே மாதிரி இறங்கும். பார்ஜெல்லோ என்று பெயர். முதல் வரிசைதான் சட்டம். அதற்குக் கீழே அடர்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரும் வரிசைகளெல்லாம் வாய் திறக்காமல் அதன் பின்னால் போகும். நாட்டில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

அந்த முதல் வரிசையை முதலாளியம்மா மட்டுமே போடுவார். அவர் கைராசிக்காரர். இதுவரை சுவரில் மாட்டும் ஒற்றைப் பக்கச் சித்திரங்கள் விற்றதற்கு அந்தக் கைதான் காரணம் என்பது வீட்டு வேதம். நொட்டாங்கை முதல் வரிசையைத் தொடவே கூடாது.

இந்த விழாக்காலத்துக்கு உள்ளங்கை அளவில், வாசலில் தொங்கவிடும் இருமுகத் தொங்கட்டான் செய்யச் சொல்லி ஒரு வியாபாரி கேட்டிருந்தார். முன்பக்கமும் பின்பக்கமும் தைத்து, நடுவே பஞ்சு வைத்து மூட்ட வேண்டும். மூட்டுவது நொட்டாங்கையின் வேலை. மூட்டிப் பார்த்தால், முன்பக்கத்து அலை ஒரு மட்டத்தில் நின்றது, பின்பக்கத்து அலை வேறு மட்டத்தில் நின்றது.

"உன் கை பட்டதும் கோணிக்கிச்சு பாரு!" என்றார் முதலாளி. "இனிமே வலது கையால தை. சரக்கு சரியா வரலேன்னா நீ வேற இடம் பாத்துக்க."

வலது கையால் மூட்டினாள். அப்போதும் சேரவில்லை.

"வீட்டுல எந்தக் கையால சாப்பிடுற?"

"பசிச்சா எந்தக் கைன்னு பாக்கிறதில்லைங்க."

அதே மாடியில் தைக்கும் முதலாளியம்மாவின் நாத்தனார் வாங்கி மூட்டிப் பார்த்தாள். அதுவும் சேரவில்லை.

"உன் பக்கத்துல உக்காந்து அவளுக்கும் ஒட்டிக்கிச்சு!" என்றார் முதலாளி.

"ஒட்டிக்கிறதுக்கு இது என்ன சளியா?" என்றாள் நாத்தனார்.

நொட்டாங்கை துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். அலை ஏறும் பக்கத்தைவிட இறங்கும் பக்கத்தில் ஒரு தையல் குறைவு. எல்லாத் துணியிலும் அப்படியே. முதலாளியம்மா ஏறும்போது துணியைப் பார்ப்பார். இறங்கும்போது ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார். ஒற்றைப் பக்கத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை; இரண்டு பக்கமும் ஓரத்தோடு ஓரம் சேரும்போதுதான் மட்டம் மாறித் தெரிந்தது.

"அம்மா, இறங்குறப்போ ஒரு தையல் விட்டுட்டீங்க."

"என் கையிலயா தப்பு? போய் உன் கையப் பாரு!"

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ராசிக்கு எண்ணத் தெரியாது."

மறுநாள் வியாபாரி வந்து மேசையில் கிடந்தவற்றைப் புரட்டினார். ஒன்றில் மட்டும் சுற்றிலும் அலை அறுபடாமல் ஓடியது. முதலாளியம்மா அதைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா? இது என் கைராசி!"

"அது நான் வீட்டுல வச்சுப் போட்டதும்மா. முதல் வரிசையிலேருந்து இந்த இடது கைதான். சந்தேகம்னா துணி குடுங்க."

வியாபாரி கொடுக்கச் சொன்னார். அவர் கண்ணெதிரே ஒரு முதல் வரிசை போட்டாள். ஏறியது எத்தனையோ, இறங்கியதும் அத்தனை.

முதலாளிக்கு ஞானம் வந்தது, ஆனால் தலைகீழாக வந்தது. வேலை போகவில்லை என்பதோடு, கடை வாசல் ஜன்னலோரம் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. தலைக்கு மேல் பலகை: 'அதிர்ஷ்ட இடது கை வேலைப்பாடு'. ஜனங்கள் வந்து அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதலாளியம்மா டீக்கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் ஒருத்தி தன் சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தாள். பெண்ணின் வலது கை கைக்குட்டையால் இடுப்போடு கட்டப்பட்டிருந்தது. "இடது கைப் பழக்கம் வரட்டும்னு கட்டியிருக்கேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

நொட்டாங்கை முதலில் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு ஊசியை வலது கைக்கு மாற்றினாள்.

"ஏய், வேணாம்! இந்த நாற்காலியும் போயிடும், வியாபாரமும் போயிடும்!" உள்ளேயிருந்து ஓடிவந்தார் முதலாளி.

"போனா போகட்டும்." வலது கையில் தையல் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் இரண்டு முகமும் முடித்து மூட்டினாள். கூடி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். அலை எங்கும் அறுபடவில்லை.

"கையில ஒண்ணும் இல்லம்மா. எண்ணிப் போடணும். உங்க பொண்ணுக்கு எண்ணக் கத்துக்குடுங்க."

எண்ணிப் போட்டவளின் வேலைதான் வேண்டும் என்று வியாபாரி கேட்டதால் நாற்காலி பிழைத்தது. மறுநாள் பார்த்தால் பலகையில் 'இடது' என்பதை மட்டும் அழித்திருந்தார்கள். 'அதிர்ஷ்ட' அப்படியே இருந்தது. அவள் பலகையைக் கழற்றினாள். எழுத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, புதுத் துணியை அதன் முதுகில் விறைப்பாக இழுத்துக் குண்டூசி குத்தி, துளைகளை எண்ணிக் குறிக்கத் தொடங்கினாள். நல்ல வழவழப்பான பலகை. அன்றுதான் அது ஒரு வேலைக்குப் பயன்பட்டது.