ஐஸ் பெட்டிக்குள் ஆறு வெள்ளிக்கிழமை

விண்வெளியில் மீன் வாடை அடிக்கும். எந்தப் புத்தகத்திலும் படித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயது வரை வெள்ளிக்கிழமை தோறும் அங்கே போய் வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். எங்கள் விண்கலம் வாப்பாவின் கூலர் லொறி. கல்முனையிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகிற லொறி, வெள்ளிக்கிழமை மட்டும் ஓடாது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அதைக் கழுவி, உள்சுவரில் வெள்ளித்தாள் ஒட்டி, உடைந்த ரேடியோக்களின் குமிழ்களைப் பதித்துவிட்டால் சூரிய மண்டலத்தைத் தாண்டுவதற்குத் தயார். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் சூரை மீனின் வாடை மட்டும் இறங்க மாட்டேன் என்று எங்களோடு சேர்ந்து பறந்தது.

"தூரக்கப்பல்" என்ற அந்தத் தொடரை எழுதி, படம்பிடித்து, வெட்டி ஒட்டி, சனிக்கிழமை பின்னேரம் யூடியூபில் ஏற்றியவர் என் மாமா, உம்மாவின் தம்பி. கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். கடையில் கழற்றிப் போட்ட கைபேசிகளை விட அவர் தலைக்குள் கழன்று கிடந்த கோள்கள் அதிகம் என்று உம்மா சொல்வா. கப்டனாக நடித்தவர் காரைதீவிலிருந்து வரும் கணக்கு சேர். பாடசாலையில் அவரைக் கண்டால் நடுங்குவோம். லொறிக்குள் அவரே சாரத்தை மாற்றி நீலக் காற்சட்டை போட்டுக்கொண்டு, இயந்திரம் பழுதாகிவிட்டதென்று எங்களுக்கு முன்னால் நடுங்குவார். அதைப் பார்ப்பதற்காகவே நான் நடிக்க ஒத்துக்கொண்டேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

நான் வேற்றுக்கோளிலிருந்து தவறி வந்த பிள்ளை. மாமா எனக்கு ஒரு பெயர் வைக்க மறந்துபோனார், அதனால் ஊர் எனக்குக் 'கோள் புள்ள' என்று பெயர் வைத்தது. தலையில் வெள்ளி நிறம் பூசிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் முகம் திரையில் வந்ததில்லை. அந்த மனக்குறை எனக்கு நிறையவே இருந்தது. வகுப்பில் நான்தான் அது என்றால் ஒருத்தியும் நம்பவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கோள் புள்ளயின் குரலில் இரண்டு வசனம் பேசிக் காட்டிய பிறகுதான் மதித்தார்கள்.

எங்கள் தொடர் ஊரில் பெயர் எடுத்தது ஒரு பிழையால்தான். கப்டன் சேர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்து, "இங்கே காற்றே இல்லை, எந்தச் சத்தமும் கேட்காது" என்று சொல்லி முடிக்கவும் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஒரு பள்ளிவாசலோடு நின்றிருந்தால் கப்பல் ரேடியோ என்று சமாளித்திருக்கலாம். எங்கள் பக்கம் ஒரு பள்ளியில் முடிய அடுத்ததில் தொடங்கும். மாமா அதைக் கவனிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டார். எந்தக் கோளில் பள்ளி கட்டியிருக்கிறார்கள், இமாம் யார் என்று சந்தையில் விசாரித்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மாமாவின் வசனக் கொப்பியின் ஓரத்தில் தொழுகை நேரங்கள் எழுதியிருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஊரே எங்களைப் பார்க்கத் தொடங்கியது.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, ஒரு வியாழக்கிழமை, நான் பெரியபிள்ளையானேன். மறுநாள் கோள் புள்ள முதன்முறையாகக் கப்பலைத் தானே ஓட்டுகிற கட்டம். வசனமெல்லாம் பாடம். உம்மா என்னை அறைக்குள் இருத்தி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, நாளைக்கு எத்தனை மணிக்கு லொறிக்குப் போவது என்பதுதான். உம்மா யன்னல் சீலையை இழுத்துவிட்டா.

ஏழாம் நாள் தண்ணீர் வார்த்து, குரவை போட்டு, பலகாரம் பரிமாறி முடிந்ததும் பெரிய மாமி மண்டபத்துக் கதிரையில் உட்கார்ந்தா. பெரிய மாமி என்றால் வாப்பாவின் மூத்த ராத்தா, அதாவது அக்கா. சின்ன வயதிலேயே தாயை இழந்த வாப்பாவை வளர்த்தெடுத்தவ. அவ பேசினால் எங்கள் வீட்டில் மின்விசிறியும் மெதுவாகச் சுற்றும். நான் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொமருப் புள்ளைய இனியும் ஊரெல்லாம் பாக்கப் படம் புடிக்கிறயா? காணும், இத்தோட நிப்பாட்டுங்க."

"மூஞ்சி தெரியாதே ராத்தா, தொப்பி மட்டும்தானே தெரியுது" என்றார் மாமா.

"குரல் கேக்குதே! மறுகா மாப்பிள்ள பேச வாறவனுக்கு என்னத்தச் செல்ற? மகள் செவ்வாயில இரிக்கா எண்டா?"

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். நானும் இடுக்கு வழியே பார்த்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். வாப்பா நிலத்தைப் பார்த்தார், லொறிச் சாவியை எடுத்தார், வெளியே போய்விட்டார்.

வாப்பா மாமியின் பக்கம் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் 'மகள்' என்று கூப்பிட்டால் காது கேளாதவள் மாதிரி இருந்தேன். என்னைச் சரிக்கட்ட அவர் வாங்கி வந்த ரோல்ஸை மட்டும் சாப்பிட்டேன், ரோல்ஸோடு எனக்குப் பகை இல்லை.

சனிக்கிழமை உம்மாவின் கைபேசியில் புதிய பகுதியைப் பார்த்தேன். கப்பலில் ஏதோ கல் மோதி, கோள் புள்ளக்குக் காயம். ஆறும் வரை தூங்கட்டும் என்று கப்டன் அவளை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். அது வாப்பாவின் பெரிய ஐஸ் பெட்டி, மீன் அடுக்குகிற அதே பைபர் பெட்டி. மூடியில் ஓட்டை வெட்டி நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் மெல்லக் கூடி, மெல்லக் குறைந்து, மறுபடி கூடியது. மூச்சு வாங்குவது போலவே இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருடம் உழைத்தவளை மீன் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்களே என்று தலையணையைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

ஆறு கிழமை அந்தப் பெட்டி திறக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் கப்டன் அதன் பக்கத்தில் குந்தியிருந்து வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாலாம் கிழமை மாமாவுக்கு வசனம் தீர்ந்துவிட்டது போல, சேர் பெட்டிக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தார். வெளிச்சம் கூடிக் குறைந்துகொண்டே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில் வாப்பா மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர் நொண்டி நொண்டி வீட்டுக்கு வருவார். உம்மா அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பா. லொறி கழுவிய களைப்பென்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ஏழாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரிய மாமி கடப்படி வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தா. கையில் கைபேசி.

"தம்பி, அந்தப் பெட்டியத் துறக்கச் செல்லு! புள்ள மூச்சு முட்டிக் கிடக்கு. ஒன்றரை மாசமா எனக்குச் சோறு எறங்குதில்ல."

வாப்பா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "புள்ள உசிரோடதான் இரிக்கா ராத்தா."

"அது எனக்குத் தெரியாதா? வெளிச்சம் எரியுதே! துறங்க எண்டுதான் செல்றன்."

"துறந்தா உள்ள இருந்து நம்மட மகள்தானே வரணும். நீங்க செல்லாம நான் எப்பிடித் துறக்கிற?"

பெரிய மாமி கைபேசியைக் கதிரையில் வைத்தா. முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிறகு சட்டம் போடத் தொடங்கினா. உடுப்பு கால்வரைக்கும் இருக்க வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, மஃரிபுக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும், வாப்பா கூடவே நிற்க வேண்டும். அடுத்த நாள் அவவே கல்முனைக் கடைத்தெருவில் வெள்ளி மினுக்குச் சீலை வாங்கி வந்தா, உம்மா தைத்தா. அந்த வெள்ளிக்கிழமை நான் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தேன். ஊரே சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சீனி கொண்டு வந்தது, உண்மையாகவே ஒரு நோயாளி எழும்பிய மாதிரி.

நான் மாமியின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். மாமாவுக்கு நன்றி சொன்னேன், கப்டன் சேருக்குச் சொன்னேன். லொறிக் கதவோரம் நின்ற வாப்பாவுக்குச் சொல்லவில்லை. என்னைக் காவல் காக்க வந்து நிற்கிறார் என்றுதான் பட்டது. காலப்போக்கில் கோபம் தானாக ஆறி, கதைக்கத் தொடங்கினோம். ஏன் கதைக்காமல் இருந்தேன் என்று அவரும் கேட்கவில்லை.

இன்று நான் வானொலி நாடகங்களில் நடிக்கிறேன். வங்கிக்குப் போய் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர், "நீங்க கோள் புள்ளதானே?" என்று கேட்பார். அந்த லொறி எனக்குத் தொழில் தந்தது, குரல் தந்தது, கப்டன் சேர் தயவில் பின்னமும் தந்தது. அதற்கெல்லாம் நான் கடமைப்பட்டவள். யாருக்கு எவ்வளவு என்பதில்தான் பிழை விட்டிருந்தேன்.

போன பெருநாளைக்கு மாமா தன் பழைய கணினியைத் துப்பரவாக்கும்போது, வெட்டிப் போட்ட துண்டுகளில் ஒன்றை எனக்கு அனுப்பினார். பெட்டியின் பக்கத்தில் கப்டன் குந்தியிருக்கிறார். "கட்" என்று மாமாவின் குரல். மூடி திறக்கிறது. டோர்ச் லைட் பிடித்த ஒரு கை முதலில் வெளியே வருகிறது, பிறகு வியர்த்து ஒழுகும் வாப்பாவின் தலை. முழங்கால் நாடியில் முட்ட மடங்கிக் கிடக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டு மாமாவிடம் கேட்கிறார்:

"காணுமா மச்சான்? இல்லாட்டி இன்னும் கொஞ்சம் மெதுவா லைட்ட மூடித் துறக்கவா? புள்ள நோவில்லாமத் தூங்கிற மாதிரி தெரியணும், ராத்தாவும் பாக்கிறா."

எழுந்து போய் வாப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கடைசி மூச்சு கொஞ்சம் வேகமாப் போயித்து" என்றார். அவ்வளவுதான். நான் அவர் தோளில் முகத்தை வைத்து, வயதுக்கு ஒவ்வாத சத்தத்தில் அழுதேன்.

வளர்த்த ராத்தாவை எதிர்த்துக் கதைக்க ஏலாத மனிதர் தன் பதிலை எங்கே போய்ச் சொன்னார் என்று பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. நான் அவரோடு கதைக்காமல் இருந்த அந்த ஆறு கிழமையும், என் இடத்தில் படுத்து எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் வாப்பா.