வியன்னாவில் மகனின் முகம்

குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் எழுபது கிலோமீட்டர். டாக்சிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். பர்லியார் தாண்டும்வரை மூடுபனி, டிரைவர் மெதுவாகத்தான் இறக்கினார். முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு பரபரப்பு இருக்கும் என்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வியன்னாவில் வேலை பார்த்த எங்கள் ஒரே மகன் ஜெரி முந்தின மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனான். முப்பது வயது. உடலை ஊருக்குக் கொண்டுவர எங்களால் முடியவில்லை. எங்களுக்கு விசா வரும்வரை அங்கேயே குளிர் அறையில் வைத்திருந்தார்கள். புதைப்பதற்கு முன் அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காக மட்டும்தான் போனோம்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குப் பதினோராவது கட்டளை. ஹோட்டலில் காபி ஆறிப்போய் வந்தாலும் நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுக் குடிப்பார். இந்தக் குணத்தோடு முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன், எனக்குக் கோயில் கட்டலாம்.

அபுதாபியில் விமானம் மாறினோம். அங்கிருந்து வியன்னாவுக்கு ஆறு மணி நேரம். பக்கத்து இருக்கையில் ஈரோட்டுக்காரர் ஒருவர், மனைவியோடு சுற்றுலா கிளம்பியவர். நீங்களும் டூரா என்று கேட்டார்.

"பையனப் பாக்கப் போறோமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனிதருக்கு ஒரே சந்தோஷம். எந்த அரண்மனை, எந்தக் கேக் கடை, எந்த டிராம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே குளிர் தாங்குவீர்களா என்று கேட்டதற்கு, குன்னூர்க்காரர்களுக்குக் குளிரா என்று இவர் சிரிக்கவும் செய்தார். பிடித்துக் கிள்ளலாம் போல வந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால் அவருடைய டூர் கெட்டுவிடுமே என்ற கவலை இவருக்கு.

காலை ஏழு மணிக்கு இறங்கினோம். வெளியே இன்னும் விடியவில்லை. ஜெரியோடு ஒரே அறையில் இருந்த வினோத், மதுரைப் பையன், வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். ஜெரியைப் புதைக்கப்போகிற கல்லறைத்தோட்டம் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள், இலையில்லாத மரங்கள், ஒரு சிவப்பு டிராம். முதல் நாள் நான் பார்த்த வியன்னா இவ்வளவுதான். கல்லறைத்தோட்டத்துக்குள்ளேயே பேருந்து ஓடுகிறது, அவ்வளவு பெரியது. குன்னூர்க் குளிர் ஸ்வெட்டருக்குக் கட்டுப்படும். இது கட்டுப்படவில்லை.

அங்கிருந்த சிற்றாலயத்தின் நடுவில் ஜெரியின் பெட்டி. சுற்றிலும் மெழுகுவர்த்திகள். மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட வயதான ஊழியர். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். வினோத் அவரிடம் பேசிவிட்டு வந்தான், முகம் செத்துப்போயிருந்தது. திறந்து வைக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமாம். எப்படிச் செய்யலாம் என்று போன வாரம் அவன் மூலமாகத்தான் போனில் கேட்டிருக்கிறார்கள். உங்க ஊர் வழக்கம் எப்படியோ அப்படியே செஞ்சுருங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் வழக்கம், மூடி வைப்பது. பெட்டியைத் திறந்து வையுங்கள் என்று குன்னூரில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை, அங்கே அது திறந்தேதான் இருக்கும். கேட்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஏனுங்க, இதுக்குமா மரியாதை?" என்றேன்.

இவர் போய்ப் பெட்டிமேல் கையை வைத்தார். அந்த ஊழியரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "தொறங்க. எம் பையன நான் பாக்கோணும்."

சத்தம் போடவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. வினோத் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் ஊழியர் தலையசைத்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். எங்களை வெளியே நிற்கச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

ஜெரியின் முகம் சிறுத்துக் கறுத்திருந்தது. தலையை வகிடு மாற்றிச் சீவியிருந்தார்கள். விரலால் சரிசெய்தேன். நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அந்தக் குளிர் என் உதட்டிலேயே நின்றது. இவர் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கம் இந்த நேரத்தில் பெற்றவள் பெட்டிமேல் விழுந்து கதறுவாள். நாலு பெண்கள் அவளைத் தோளோடு அணைத்து இழுப்பார்கள். அவள் திமிறித் திரும்புவதற்குள் மூடியிருப்பார்கள். நானும் எத்தனையோ தாய்மார்களை அப்படி இழுத்திருக்கிறேன். இங்கே என்னை இழுக்க யாருமில்லை. ஊழியர் சுவரோரமாகக் கைகட்டி நின்றார்.

"அவரு உங்களக் கேக்காம மூட மாட்டாராம்மா" என்றான் வினோத். "எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேங்கிறாரு."

இவரைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகைகூட வரவில்லை எனக்கு. மூடச் சொல்லும் அந்த வார்த்தையைப் பெற்றவளே சொல்லும்படி குன்னூரில் யாரும் விட்டதில்லை.

"மூடிருங்க" என்று நான்தான் சொன்னேன்.