உருளை இன்னும் நடக்கவில்லை

எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் முதல் அடி எடுத்து வைத்ததில்லை. அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவள் அவள். எங்கள் வராந்தாவில் தவழ்ந்த பிள்ளைகளில் பாதியாவது எங்கள் கண் முன்னால்தான் எழுந்து நடந்திருக்கும். ஆனால் ஷிப்டு முடிந்து வரும் தாயிடம் அம்மா அதைப் பற்றி மூச்சு விட மாட்டாள். "நிக்கிறான். இன்னும் நடக்கல" என்று சொல்லிவிட்டுப் பால் பாட்டில் கழுவப் போய்விடுவாள். அன்றைக்கோ மறுநாளோ அந்தப் பிள்ளை தன் வீட்டில் நடக்கும். அதன் தாய் காலையில் ஓடி வந்து சொல்லும்போது, அம்மா வாயில் கை வைத்து ஆச்சரியப்படுவாள்.

நான் பொய் சொன்னால் மட்டும் தொடையில் கிள்ளு விழும். இது என்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்து நியாயமெல்லாம் அத்துப்படியாக இருந்த வயது.

இன்னொரு சட்டமும் அம்மா வைத்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். ஏதாவது ஒன்று அவளைப் பார்த்து "அம்மா" என்றுவிட்டால், "அம்மா வேலைக்குப் போயிருக்குது. நான் அத்தை" என்று அப்போதே திருத்திவிடுவாள். பேச்சு வராத பிள்ளைக்கும் இதே பாடம்தான்.

அந்த வருடம்தான் அரசாங்கம் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தது. வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஓர் அதிகாரி அம்மா வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு மூடி, மாடிப்படிக்குக் கேட், அடுப்படிக்குத் தடுப்பு, முதலுதவிப் பெட்டி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, மறுபடி வந்து பார்ப்பேன் என்று போனார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் ஊட்ல எங்க கேட் போடணும்னு கவர்மெண்டு சொல்லுதா?" என்று கத்தினார். கத்திக்கொண்டேதான் வெல்டிங் வைத்தார். அவர் வெல்டர். அந்தக் கேட் இன்றுவரை ஆடாமல் நிற்கிறது. தொட்டிக்கு மூடி போட்ட பிறகுதான் அம்மா மத்தியானத்தில் பத்து நிமிடமாவது கண் அசந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது எங்களிடம் இருந்தவர்களில் கடைசியாகச் சேர்ந்தவன் உருளை. உருளைக்கிழங்கு மாதிரி இருந்ததால் நான் வைத்த பெயர் அது. அவன் அம்மாவுக்குப் பழவேற்காட்டுப் பக்கம் ஏரியோரக் குப்பம். கணவர் அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, ஒற்றை அறை எடுத்து, பிள்ளையோடு தனியாக இருந்தாள். அங்கன்வாடிக்கு அவன் இன்னும் சின்னவன். அந்த வேலை அவளிடம் இருப்பதும் போவதும் எங்கள் வராந்தாவை நம்பித்தான் இருந்தது.

காலாண்டு லீவில் ஒரு நாள் காலையில் அவன் எழுந்து நடந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையை விட்டுவிட்டு, அம்மாவின் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தபடி வந்து சேர்ந்தான். அன்று முழுக்க அதே வேலைதான். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தீர்த்தான். மத்தியானம் அவன் அம்மா வந்தபோது, என் அம்மா வழக்கம் போல, "நிக்கிறான். இன்னும் நடக்கல" என்றாள். உருளையின் அம்மா பிள்ளையைத் தூக்கினாள். அவன் பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தாள். கட்டை விரலால் தேய்த்தாள். அப்புறம் துப்பட்டாவால் துடைத்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி, பெருக்கப் பெருக்க வந்து விழுந்துகொண்டே இருக்கும். பெருக்குவது யார்? நான். இவள் காலைத் துடைத்துக் காட்டுகிறாளாம். அந்த ஆத்திரம் எனக்கு ராத்திரி வரை இருந்தது.

மறுநாள் ஷிப்டு முடிகிற நேரத்தில் அதிகாரி அம்மா மறுபடி வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார், கேட்டை ஆட்டிப் பார்த்தார், திருப்திதான். அதன் பிறகு பிள்ளைகளை எண்ணினார்.

"இதுல நடக்கத் தெரியாத பிள்ளைங்க எத்தனை?"

சரியாக அந்த நேரம் பார்த்து உருளையின் அம்மா வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டிபன் பை. என் அம்மா அவளைப் பார்த்தாள். "நாலு மேடம்" என்றாள்.

"ஒரே ஆளு பாத்துக்கிட்டா மூணுதான் இருக்கலாம். தீப்பிடிச்சா எத்தனையைத் தூக்கிட்டு ஓடுவீங்க? கடைசியா சேர்ந்த பிள்ளையை வேற இடத்துல விடச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் பதிவு."

"வேற எடம் எங்க மேடம் கீது?" என்றாள் உருளையின் அம்மா. சண்டை போடுகிற குரல் இல்லை. "ரூமைக் காலி பண்ணிக்கினு ஊருக்குப் போவ வேண்டியதுதான்."

என் அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். 'நடக்கிறான்' என்ற ஒரு வார்த்தை போதும். அவள் மறுபடி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். "ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்."

"ரெண்டு நாள்ல என்ன மாறிடும்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

எனக்குக் கொதித்தது. ஊருக்கே உதவும் என் தாய் ஓர் உண்மையைச் சொல்ல இப்படியா தவிப்பாள்? நானே சொல்லலாம் என்றால், அதிகாரிக்கு முன்னால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். நான் யோசிக்கவில்லை. வராந்தாவின் கடைசியில் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சப்பிக்கொண்டிருந்த உருளையைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினேன். "தோ பாரு, ஒங்கம்மா" என்று காதில் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

அவன் ஆடினான். வாசலில் அவன் அம்மா டிபன் பையைக் கீழே வைத்தாள். அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "வா நைனா" என்றாள். கழுத்து அட்டை முன்னால் தொங்கி ஆடியது.

உருளை புறப்பட்டான். நடுவில் ஒரு முறை பொத்தென்று உட்கார்ந்தான், எழுந்தான். அதிகாரி அம்மா காலை நகர்த்தி வழி விட்டார். வராந்தா முழுக்க நடந்து போய்த் தன் அம்மாவின் மேல் விழுந்தான். அவள் அவனை இறுக்கிக்கொண்டு, "யக்கா, நடக்கிறாங்கா, என் புள்ள நடக்கிறான்" என்று அழுதாள். என் அம்மா வாயில் கை வைத்து ஆச்சரியப்பட்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மற்ற பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கை தட்டின.

"அப்ப மூணுதான்" என்றார் அதிகாரி அம்மா. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "தொட்டி மூடிக்கு ஒரு பூட்டும் போட்டுடுங்க."

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது என்னைப் பிடிக்க முடியவில்லை. அரசாங்கத்தை ஏமாற்றினேன், அம்மாவைக் காப்பாற்றினேன், உருளையின் அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்று ரொம்ப காலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நானும் வேலைக்குப் போகிறேன். என் மகளையும் ஒரு வீட்டில்தான் விடுகிறேன். போன மாதம் ஒரு மாலை, அங்கிருந்து அவளைக் கூட்டிவந்து கால் கழுவிவிட்டேன். தவழும் பிள்ளைக்கு முட்டியில்தான் அழுக்கு இருக்கும். இவளுக்கு உள்ளங்கால் இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. "இன்னும் நடக்கலம்மா" என்றுதான் அந்த வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். நான் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உருளையின் உள்ளங்காலைத் தேய்த்துப் பார்த்த அவன் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நடக்கத் தெரியாத பிள்ளையை வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து எந்தத் தாய் கை நீட்டிக் கூப்பிடுவாள்?