மகன் கமராவை வைத்துவிட்டான்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களுடைய வாப்பா மௌத்தான பிறகு தனியாகத்தான். அடுத்தவன் மரத்திலிருந்து எங்கள் வளவுக்குள் விழுந்த மாங்காயைக்கூட ஒருத்தரும் தொட்டதில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான்.

மூன்றாவது மகன் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறான். அவனுக்குப் படம் எடுப்பதில் பிரியம். விற்பதற்கில்லை, சும்மா ஆசைக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சோறு தின்றதும் மோட்டார் சைக்கிளில் சவளக்கடைப் பக்கம் போவான். வயலுக்குத் தண்ணீர் விட்டால் கொக்கும் நாரையும் இறங்கும். பொழுதுபட வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்துவான். கமராவில் இருட்டாகக் கிடந்த பறவை அவன் கைபட்டதும் இறகு இறகாகத் தெரியும். "உம்மா, இஞ்ச வந்து பாருங்களன்" என்பான். அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன்.

அந்த வேலைக்கு ஒரு மென்பொருள் வேண்டும். முன்பு அதை ஒரே தடவையாக விலைக்கு வாங்கலாமாம். இப்போது மாதா மாதம் வாடகை, அதுவும் டொலரில். டொலர் ஏறியது, கம்பனியும் கூட்டியது, ஆலையில் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. பிள்ளைகளின் டியூஷனா பறவையா என்று வந்தபோது மகன் வாடகையை நிறுத்தினான்.

மருதமுனையில் போன் கடை வைத்திருக்கும் அவனுடைய கூட்டாளி ஒருநாள் வந்தான்.

"மச்சான், ஊரெல்லாம் காசு கட்டாமத்தான் பாவிக்கான். பூட்ட உடைச்ச சாமான் என்ட கடையில இரிக்கி. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள ஏத்தித் தாறன்."

மகன் என்னைப் பார்த்தான்.

"தாடி நரைச்சிட்டு, இன்னும் உம்மாட்ட உத்தரவா?" என்று கூட்டாளி சிரித்தான். "மாமி, நீங்க சொல்லுங்க."

"அது யாருட சாமான் மனே?"

"வெள்ளக்காரண்ட. அவனுக்கு என்ன குறை?"

"குறையில்லாதவண்ட எண்டா எடுக்கலாமா?"

"மாமியோட கதைச்சி வெல்ல ஏலா!"

"வேணாம் மச்சான்," என்றான் மகன். "தேத்தண்ணியக் குடி."

கூட்டாளி போன பிறகு என் காப்பைக் கழற்றி நீட்டினேன். மகன் வாங்கவில்லை.

"இத வித்தாக் கொஞ்ச மாசம் ஓடும் உம்மா. மறுகா? காப்பும் இல்ல, சாமானும் இல்ல."

முன்பு நகை விற்றுத் தையல் மெசின் வாங்கியிருக்கிறேன், மாடு வாங்கியிருக்கிறேன். வாங்கியது வீட்டில் நின்றது. ஒருநாளும் நம்முடையதாகாத ஒன்றுக்கு எதை விற்பது?

இலவசமாகக் கிடைக்கும் வேறொரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். இத்தனை வருடம் அவன் செய்த திருத்தம் ஒன்றும் அதில் வரவில்லை. பறவைகள் மறுபடி இருட்டிலேயே நின்றன. கமராவைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டான்.

போன கிழமை அவனோடு ஓட்டோவில் வந்தேன். றோட்டோரத்து வயல் முழுக்க நாரை.

"மனே, அங்க பாரு."

"ஓம் உம்மா, கண்டன்," என்றான். தலையைத் திருப்பவில்லை.

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவனுடைய முகத்தை நான்தானே தினமும் பார்க்கிறேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் இதை எழுதினேன், பிழை இருக்கும். இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்துவிட்டது. அவனுடைய மகள் பக்கத்தில் பாயில் இருந்து படிக்கிறாள்.

"இஞ்ச வா புள்ள, இத ஒருக்கா வாசிச்சிக் காட்டு. மெதுவா வாசி, உன்ட வாப்பா உள்ளுக்க படுத்திரிக்காரு."